கதவைப் பார்த்து எழுதிய முனிரத்தினம்

அன்று காலை ஏழு மணி இருக்கும். இட்லிப் பானையை இறக்கி வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். குளோரி பேசினாள். நம் ஊரில் ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடுகிற குளோரி. உறவினர் வந்து சேரும்வரை இறந்தவரைக் கிடத்தி வைக்கும் கண்ணாடிப் பெட்டி அது. அந்த நேரத்தில் அவள் என்னைக் கூப்பிடுவது வழக்கமில்லை.

"டீச்சர், முனிரத்தினம் சார் வீட்டுக்கு பாக்ஸ் வேணும்னு ஒருத்தர் கூப்ட்டு சொன்னாருங்க. யாருன்னு தெரியல. எவனோ வெளாட்றான்னுதான் நினைக்கிறேன். வண்டிய இன்னும் எடுக்கல. நீங்க ஒரு நட போய்ப் பாத்துட்டு சொல்றீங்களா?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். பொய் விலாசம், பொய் அழைப்பு என்று நாங்கள் எத்தனையோ பார்த்தவர்கள். முந்தின நாள் சாயங்காலம்தான் முனிரத்தினம் அரக்கோணம் ரோட்டில் புதிதாகத் திறந்த டயர் கடையைப் பற்றி அரைமணி நேரம் என்னோடு போனில் பேசியிருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. முனை திரும்பும்போதே வாசலில் கிடந்த செருப்புகள் கண்ணில் பட்டன. அத்தனை செருப்பை அந்த வாசலில் நான் பார்த்ததில்லை. உள்ளே போனேன். தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார் அவர் மனைவி சுகுணா அம்மா. வெளியே வந்து குளோரியை அழைத்தேன். "பாத்துட்டேன்மா, வண்டிய எடு" என்று மட்டும் சொன்னேன். ஐந்து வருடமாக நானும் அவரும் செய்துவந்த வேலை, ஒரு தகவல் உண்மையா என்று நேரில் போய்ப் பார்த்துச் சொல்வது. அன்றைக்கு மட்டும் 'உண்மைதான்' என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

முனிரத்தினத்தை உங்களில் பாதிப் பேருக்கு உங்கள் வீட்டு மீட்டருக்கு முன்னால் நின்றவராகத் தெரியும். மின்சார ரீடிங் எடுக்கும் வேலையில் ஊரின் எல்லாத் தெருவிலும் நடந்தவர். பகல் பன்னிரண்டு மணிக்கும் சட்டைப் பையில் டார்ச் வைத்திருப்பார். வெளியே வெயில் கொளுத்தும்போது டார்ச் எதற்கு என்று கேட்டால், "மீட்டர வெயில்லயா டீச்சர் வெச்சிருக்காங்க?" என்பார். பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வீட்டில் பாதி தெலுங்கு, பாதி தமிழ். சுகுணா அம்மாவுக்கு அவர் கடைசிவரை 'பாவா'தான். மகள் திருமணமாகிச் சென்னையில் இருக்கிறாள், அவளுக்கு 'நைனா'. ஊருக்கு 'ரீடிங்காரர்'. வேலையை விட்டுப் பல வருடம் ஆன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. இரண்டாம் முறை அந்தப் பெயரை அவர் எப்படிச் சம்பாதித்தார் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற புதிதில், ஊரில் கடை வைத்திருக்கும் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி ஒரு யோசனை சொன்னார்கள். மலைக் கோயிலுக்கு வருகிறவர்கள் பஞ்சர் கடை எங்கே, மருந்துக் கடை எங்கே என்று தெருத்தெருவாகக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். யார் எங்கே என்ன விற்கிறார், எப்போது திறக்கிறார், எந்த எண்ணில் கிடைப்பார் என்று இணையத்தில் ஒரு பட்டியல் போட்டால் என்ன? என் பழைய மாணவி ரேவதி சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். வாராவாரம் சனிக்கிழமை ரயிலேறி வீட்டுக்கு வருவாள். அவள்தான் அதை அமைத்துக் கொடுத்தாள். யார் வேண்டுமானாலும் தங்கள் கடையைத் தாங்களே எழுதிச் சேர்க்கலாம் என்று வைத்தோம். மேற்பார்வை என் பொறுப்பு. டீச்சருக்கு வீட்டில் வேலை இல்லை, திருத்தவும் தெரியும் என்பது அவர்கள் கணக்கு.

ஒரு மாதத்தில் பட்டியல் நிரம்பி வழிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. உட்கார்ந்து படிக்கத் தொடங்கியதும்தான் விஷயம் புரிந்தது. பூக்கடைப் பிரிவில் உடனடிக் கடன் தருவதாக ஒருவர் எழுதியிருந்தார். மருந்துக் கடைப் பிரிவில் முடி வளர எண்ணெய். மொட்டை போட ஜனங்கள் தேடி வருகிற ஊரில் வந்து அதை விற்க நினைத்த துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். எந்த மாநிலத்துக் கம்பெனியோ, குழாய் ரிப்பேர் என்று ஒரே வாசகத்தைப் பதின்மூன்று பிரிவுகளில் ஒட்டியிருந்தது. அதில் ஒன்று நர்சரிப் பள்ளிகள். பொய் இல்லாத இடத்தில் குழப்பம் இருந்தது. பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஒரே இனிப்புக் கடை நான்கு கடையாக வந்திருந்தது. முதலாளி தன் பெயரில் ஒன்று போட்டார், மகன் அப்பாவுக்குத் தெரியாமல் போர்டில் உள்ள பெயரில் ஒன்று, வேலை செய்பவர் ஒன்று, பழைய வாடிக்கையாளர் யாரோ ஊர் கூப்பிடும் பெயரில் ஒன்று. நான்கிலும் நான்கு போன் நம்பர். விடைத்தாள் திருத்துகிறவளுக்கு இது புதிதில்லை. ஆனால் விடைத்தாளில் ஒரு வசதி உண்டு. சரியான விடை என் கையில் இருக்கும். இங்கே அது என்னிடம் இல்லை.

அந்த நிலையில்தான் ஆடிக் கிருத்திகையன்று முனிரத்தினம் என் வீட்டுக்கு வந்தார். வெயில் ஏறுவதற்குள் வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"டீச்சர், உங்க லிஸ்ட்டுல என் வீட்ட லாட்ஜுன்னு போட்டுக்கீது. விடிகாலைல ஆந்திராவுல இருந்து எட்டு பேர் பெட்டியோட வந்துட்டாங்க. குளிச்சிட்டு மலைக்குப் போயிருக்காங்க. சாயங்காலம் மொட்டையோட திரும்பி வருவாங்க. அதுக்குள்ள சரி பண்ணிடுங்க."

யாரோ ஒரு அறைத் தரகர் 'மலையடிவாரத்தில் ஏசி அறைகள், வெந்நீர் வசதி' என்று எழுதி, வரைபடத்தில் கைக்கு வந்த இடத்தில் குறியை வைத்திருக்கிறார். அது இவர் வீட்டின் மேல் விழுந்திருக்கிறது. வந்தவர்கள் தெலுங்கில் அறை கேட்க, இவரும் தெலுங்கில் இல்லை என்று சொல்ல, குழந்தைகள் தூங்கி விழுவதைப் பார்த்த சுகுணா அம்மா அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். ஆகவே வெந்நீர் வசதி என்று எழுதியது மட்டும் அன்றைக்கு உண்மையாகிவிட்டது. அந்தக் குடும்பம் இப்போதும் கிருத்திகைக்கு வந்தால் அங்கேதான் இறங்குகிறது.

நான் மன்னிப்புக் கேட்டேன். பட்டியலைத் திறந்து காட்டி, இதில் எது மெய், எது பொய் என்று எனக்கே தெரியவில்லை என்றேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் படித்தார். பிறகு கேட்டார்: "இத எழுதனவங்க யாராவது கதவ பாத்தாங்களா?"

இணையத்தில் அப்படி யாரும் பார்ப்பதில்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. "மீட்டர் ரூம்ல பாம்பு இருந்தாக்கூட எட்டிப் பாத்துட்டுதான் நம்பர் எழுதணும் டீச்சர். வீட்ல குந்திகினு எழுதனா அடுத்த ரீடிங்ல மாட்டிக்குவோம்" என்றார். மறுநாள் காலை பையும் டார்ச்சுமாக வந்து நின்றார். எந்தத் தெருவிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டார். அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

அன்றிலிருந்து எங்கள் பட்டியலுக்கு ஒரே சட்டம்தான். யாராவது ஒருவர் நேரில் போய் நின்று பார்க்காத எதுவும் ஊருக்குக் காட்டப்படாது. நான் போனில் ஏதாவது புதுக் கடை பற்றிச் சொன்னால், என்ன விற்கிறார்கள் என்று அவர் கேட்கமாட்டார். "கதவ பாத்தாச்சா?" இதுதான் முதல் கேள்வி. தள்ளுவண்டிக்கு ஏது கதவு என்று ஒருமுறை வாயாடினேன். "சக்கரத்த பாத்தாச்சான்னு வெச்சிக்கோங்க" என்றார்.

நான்காகி நின்ற இனிப்புக் கடையை ஒன்றாக்கியதும் அவர்தான். நானும் ரேவதியும் பெயரை ஒப்பிட்டுப் பார்த்தோம், போன் நம்பரை ஒப்பிட்டுப் பார்த்தோம், விலாசத்தை ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒன்றும் ஒத்துவரவில்லை. இவர் கடைக்குப் போய் மீட்டர் பெட்டியின் சர்வீஸ் நம்பரை எழுதிக்கொண்டு வந்தார். "பேர் மாறும், போர்டு மாறும், ஓனர் மாறுவாரு, போன் நம்பர் மாசத்துக்கு ஒண்ணு மாறும். சர்வீஸ் நம்பர் அங்கியேதான் இருக்கும். ஒரு சர்வீஸ், ஒரு கட." கணினி படித்த ரேவதி எழுந்து நின்றுவிட்டாள். ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத ஓர் அடையாளம் வேண்டும் என்பதற்காகத் தங்கள் அலுவலகத்தில் பெரிய பெரிய கூட்டம் போடுவார்களாம். அந்த எண்ணை நாங்கள் ஊருக்குக் காட்டவில்லை. எங்களுக்குள் மட்டும் வைத்துக்கொண்டோம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அவர் தலை தெரிந்ததுமே கடைக்காரர்கள் பழக்கத்தில் மீட்டருக்கு முன்னால் அடுக்கிய அட்டைப் பெட்டிகளை நகர்த்த ஆரம்பித்துவிடுவார்கள். இல்லைப்பா, நான் ரிட்டையர்டு என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் வழி கிடைத்துவிடும்.

அவருடைய கணக்கும் ஓரிடத்தில் இடித்தது. பஸ் நிலையத்துக்குள் ஒரே மீட்டரில் இழுத்த ஒயரில் டீக்கடை, ஜெராக்ஸ், கடிகாரம் பழுது பார்ப்பவர் என்று மூன்று பேர் இருந்தார்கள். ஒரு சர்வீஸ், ஒரு கடை என்று பார்த்தால் இரண்டு பேர் இல்லாமல் போய்விடுவார்கள். அவர் மூவரிடமும் தனித்தனியாக டீ குடித்துவிட்டு வந்து, 'கதவு ஒன்று, ஆள் மூன்று' என்று எழுதினார். தன் சட்டத்துக்கு மாறாக உலகம் இருந்தால் உலகத்தைத் திருத்தமாட்டார். சட்டத்தின் ஓரத்தில் ஒரு வரி சேர்ப்பார்.

என்னையும் ஒருமுறை பிடித்தார். புதிய கடை ஒன்றுக்கு எல்லாம் இருந்தது, திறக்கும் நேரம் மட்டும் இல்லை. நானே காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது என்று நிரப்பிவிட்டேன். ஊரில் முக்கால்வாசிக் கடை அப்படித்தானே? இரண்டு நாள் கழித்து வந்தார். அந்தக் கடைக்காரர் மதியம் மூடிவிட்டுச் சாப்பிடப் போவாராம். என் ஒன்பது மணியை நம்பி மணவூரிலிருந்து ரயிலில் வந்த ஒரு பெண்மணி வெயிலில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். "தெரியலன்னா காலியா உடுங்க டீச்சர். தெரியாதத எழுதி ரொப்பாதீங்க" என்றார். எந்தக் கேள்வியையும் காலியாக விடாதே, தெரிந்ததை எழுதிவிட்டு வா என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அன்று எதிர்ப்பாடம் படித்தேன்.

அந்தப் பாடத்துக்கு வேறு ஒரு பக்கமிருந்தும் ஆதரவு வந்தது. ரேவதி ஒவ்வொரு சனிக்கிழமையும் பட்டியலுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்தாள். எழுதுகிறவரின் போனுக்கு ஓர் எண் போகும். அதைத் திருப்பிச் சொன்னால்தான் பதிவு உள்ளே வரும். ஒரே வாசகம் இரண்டு பிரிவில் வந்தால் வாசலிலேயே நிற்கும். வேறு இணையதளத்துக்கு வழி காட்டினாலும் நிற்கும். இவற்றோடு, கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தையும் படிவத்தில் ஒளித்து வைத்தாள். மனிதர் கண்ணுக்கு அது தெரியாது, ஆகவே காலியாகவே இருக்கும். ஆள் இல்லாமல் தானாக எழுதிக்கொண்டே போகும் நிரல்களுக்கு எந்தக் கட்டத்தையும் காலியாக விடத் தெரியாது. அதையும் நிரப்பும். நிரப்பினால் அகப்பட்டுக்கொள்ளும். இதைக் கேட்ட முனிரத்தினத்துக்கு வந்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா டீச்சர், அந்தக் கட்டம் உங்க கண்ணுக்குத் தெரிஞ்சிருந்தா நீங்களும் ரொப்பி மாட்டியிருப்பீங்க" என்றார்.

அறைத் தரகர் மட்டும் தாழ்ப்பாள்களுக்கு அசரவில்லை. அவர் நிஜ ஆள், நிஜப் போன். வாராவாரம் புதுப் பெயரில் விடுதி சேர்ப்பார். கடைசியில் எனக்கே போன் செய்து, தன்னுடைய விடுதியை ஏன் காட்டவில்லை என்று சத்தம் போட்டார். முனிரத்தினம் போனை வாங்கி மிகவும் மரியாதையாக, நாளைக் காலை பத்து மணிக்கு நீங்களும் வாருங்கள், சேர்ந்தே போய்ப் பார்த்துவிடலாம் என்றார். தரகர் வரவில்லை. நாங்கள் இருவரும் போனோம். சித்தூர் ரோட்டில் அவர் கொடுத்த விலாசத்தில் ஒரு வேப்பமரம் இருந்தது. முனிரத்தினம் மரத்தைச் சுற்றி வந்து, மேலேயும் பார்த்துவிட்டு, படிவத்தில் எழுதினார்: 'விலாசத்தில் இருப்பது வேப்பமரம் ஒன்று, ஆடு இரண்டு. காற்று நன்றாக வருகிறது. ஏசி இல்லை.' ரேவதி அதை அப்படியே தரகருக்கு அனுப்பினாள். அதற்குப் பிறகு அவரிடமிருந்து விடுதி வரவில்லை.

இப்படி எல்லாமே வெற்றியாக எழுதிக்கொண்டு போனால் அவருக்கே பிடிக்காது. அவர் ஒரு தப்பும் செய்தார். அவர் வேலையின் பழக்கம் செய்த தப்பு.

ரீடிங் எடுக்கப் போகும் வீடு பூட்டியிருந்தால் 'டோர் லாக்' என்று எழுதுவது அந்த வேலையின் வழக்கம். எங்கள் பட்டியலுக்கும் அதையே கொண்டுவந்தார். மூன்று முறை போய் மூன்று முறையும் பூட்டியிருந்தால் அந்தப் பதிவு நீக்கப்படும். அப்படி ஒரு நாள் 'ஃப்ரீசர் பாக்ஸ், குளோரி' என்ற பதிவையும் எடுத்துவிட்டார். அந்தப் பிரிவில் ஏற்கெனவே இரண்டு பொய்ப் பதிவுகளைக் கண்டுபிடித்திருந்ததால், இதுவும் அப்படித்தான் என்று எனக்கும் தோன்றியது. நான் மறுபேச்சுப் பேசாமல் சம்மதித்தேன்.

ஆறேழு வாரம் கழித்து ஒரு மத்தியானம் குளோரி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அன்றுதான் அவளை முதல்முறை பார்க்கிறேன். கணவர் இறந்தபின், அவர் வைத்திருந்த ஒரு பெட்டியையும் ஒரு சின்ன வேனையும் வைத்துக்கொண்டு இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறவள். முனிரத்தினமும் அப்போது அங்கே இருந்தார்.

"யாருங்க இந்த லிஸ்ட்ட பாத்துக்கறது? என்ன எதுக்குங்க எடுத்தீங்க? உயிரோட இருக்கறவள செத்துட்டான்னு எழுதிட்டீங்களா?"

நான் சட்டத்தை விளக்கப் போனேன். அவள் கேட்கவில்லை. அவளுடைய தொழிலில் காலையில்தான் வேலை. பெட்டியைக் கொண்டுபோய் வைப்பதும் விடியலில், எடுத்து வந்து கழுவித் துடைப்பதும் மதியத்துக்குள். அந்த நேரத்தில் வீடு பூட்டித்தான் இருக்கும். அவளைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்தது மட்டுமல்ல. முந்தின வாரம் அவள் தெருவுக்குப் பக்கத்துத் தெருவிலேயே ஒரு பெரியவர் இறந்திருக்கிறார். வீட்டார் எங்கள் பட்டியலில் தேடியிருக்கிறார்கள், பிரிவு காலியாக இருந்திருக்கிறது. வேறெங்கோ இணையத்தில் கிடைத்த எண்ணைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த எண்ணில் பேசியவர்கள் இதோ வருகிறது, இதோ வருகிறது என்று சொல்லியே மத்தியானம் ஆக்கிவிட்டார்கள். பெட்டி வரவேயில்லை. பெங்களூரிலிருந்து மகன் வந்து சேருவதற்குள் அடக்கம் செய்ய வேண்டியதாகிவிட்டது.

"எம் பொட்டி எட்டு வீடு தள்ளி சும்மா கெடந்துதுங்க" என்றாள். அதோடு அவள் கோபம் அழுகையாகிவிட்டது.

முனிரத்தினம் படிவங்களை எடுத்து அவளுடைய தாளைத் தேடினார். மூன்று டோர் லாக். மூன்றும் காலை பத்திலிருந்து பதினொன்றரைக்குள். அவர் வாழ்நாள் முழுவதும் ரீடிங் எடுக்கப் போன நேரம் அது. ஓய்வு பெற்றும் கால் அந்த நேரத்துக்குத்தான் கிளம்பியிருக்கிறது. தாளை அவளிடமே கொடுத்தார். "தப்பு என்னோடதும்மா. பூட்டத்தான் பாத்தேன். ஆள பாக்கல" என்றார். அப்போதே ரேவதிக்குப் போன் செய்து பதிவைத் திரும்பச் சேர்க்க வைத்தார். ஆனாலும் அன்று சாயங்காலம் நாலு மணிக்கு என்னையும் அழைத்துக்கொண்டு குளோரியின் வீட்டுக்குப் போனார். நான்தான் எதிரில் வந்து நின்றேனே, இன்னும் எதற்கு என்று அவள் கேட்டதற்கு, "நான் வந்து பாக்கல இல்ல, நீதான வந்த" என்று சொல்லிவிட்டு, கதவைப் பார்த்து, வேனைப் பார்த்து, பெட்டியைப் பார்த்து, நேரத்தோடு எழுதிக்கொண்டார். குளோரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான்.

அதற்கு அடுத்த ஒரு மாதம் அவர் புதுக் கடை எதையும் பார்க்கவில்லை. தான் நீக்கிய ஒவ்வொரு பதிவையும் மறுபடி தேடிப் போனார். காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம், விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு தரம். இடது பக்கத்து வீட்டில் விசாரிப்பார், வலது பக்கத்து வீட்டில் விசாரிப்பார். இன்னும் இரண்டு பேர் உயிரோடு கிடைத்தார்கள். ஒருவர் காலை எட்டு மணிக்குள் மாவு விற்று முடித்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போகும் அம்மாள். இன்னொருவர் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்த தையற்காரர். அவருடைய பெயரைத் திரும்பச் சேர்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கே போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார். தன்னை எடுத்ததே தையற்காரருக்குத் தெரியாது. தெரியாதவரிடம் போய் ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். "நமக்குத் தெரியுமே டீச்சர்" என்றார்.

சட்டமும் மாறியது. இப்போது எங்கள் பட்டியலில் எதுவும் அழிக்கப்படுவதில்லை. மூடிய கடை 'மூடப்பட்டது' என்ற குறிப்போடு தனியே ஓரிடத்தில் இருக்கும். யார் போய்ப் பார்த்தார், எந்த நாள், எந்த நேரம், அக்கம்பக்கத்தில் யார் என்ன சொன்னார் என்று எல்லாம் அதன் கீழே இருக்கும். தப்பாக இருந்தால் ஒரு நிமிடத்தில் திரும்பக் கொண்டுவரலாம். எங்கும் பூட்டைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, மூன்று வெவ்வேறு வேளையில் போக வேண்டும். பட்டியலின் அடியில் தன் போன் நம்பரையும் போடச் சொன்னார்: 'தவறு இருந்தால் சொல்ல: முனிரத்தினம்.' அதையும் ஒரு பதிவாகவே வைத்தோம்.

அந்த எண் ஓயாமல் அடித்தது. மதியம் சாப்பிடும்போதும் அடிக்கும். ஒரு கையில் சோற்றைப் பிசைந்துகொண்டு மறு கையில் பேசுவார். எந்தக் கடை எங்கே மாறியது, யார் யாருக்கு விற்றார் என்று அன்றைய சேதி முழுவதையும் சுகுணா அம்மாவிடம் ஒப்பித்துக்கொண்டே சாப்பிடுவார். சுகுணா அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டே திருத்தம் சொல்வார். அந்தப் பாத்திரக் கடை மூடவில்லை பாவா, மருமகன் வீட்டுப் பக்கம் மாற்றியிருக்கிறார்கள், அரைமணி முன்னால் கீரைக்காரம்மா சொன்னாள் என்பார். உடனே சாப்பிட்ட கையோடு குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். "கீரக்காரம்மா கதவ பாத்தாளான்னு கேளு" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போவார். இந்தச் சண்டையைப் பார்ப்பதற்காகவே நான் சில நாள் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போயிருக்கிறேன்.

அவர் போன அன்று காலை, குளோரியின் வேன் எட்டு மணிக்கெல்லாம் வந்து நின்றது. மகள் வந்து சேர மதியம் ஆகும் என்றார்கள். குளோரியே பெட்டியைத் துடைத்து, இணைப்புக் கொடுத்து, குளிர் ஏறுகிறதா என்று கைவைத்துப் பார்த்தாள். எல்லாம் முடிந்த பிறகும் போகவில்லை. அவர் முகத்துக்கு நேரே குனிந்து, என் காதுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்: "பத்தர மணி ஆவுது சார். இன்னிக்கி நான் எங்கியும் போல. இங்கியேதான் இருக்கேன்." அவள் வீடு பூட்டியிருக்கும் அதே வேளை அது. மகள் வந்து நைனாவின் முகத்தைப் பார்க்கும்வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

காரியம் எல்லாம் முடிந்து இரண்டு நாள் கழித்து ரேவதி கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் வேறு எதையோ பேசினாள். பிறகு, பட்டியலின் அடியில் இருக்கும் சாருடைய பதிவை என்ன செய்வது என்று கேட்டாள். அவருடைய சட்டப்படி இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டக் கூடாது. 'மூடப்பட்டது' என்று போட வேண்டும். உண்மையைச் சொன்னால், நான் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மற்றவர் பதிவு என்றால் ஒரு நிமிட வேலை. இதில் பார்த்தவர் பெயர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் அவர் எண்ணைக் கூப்பிட்டுவிட்டு யாரோ ஒரு கடைக்காரர் பதில் இல்லாமல் காத்திருப்பார் என்று நினைத்ததும் பொறுக்கவில்லை. படிவத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தேன். வீட்டிலிருந்தே எழுதியிருந்தால் அவர் என்னை மன்னித்திருக்க மாட்டார்.

கதவு திறந்திருந்தது. உள்ளே சுகுணா அம்மா கணவருடைய போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். பூட்டியிருக்கிறது என்றால் எந்த நேரத்தில் போய்ப் பார்த்தீர்கள், பக்கத்தில் விசாரித்தீர்களா என்று கேட்டார். கையிலிருந்த சீட்டில் எதையோ குறித்துக்கொண்டு போனை வைத்தார். என் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். எதற்கு வந்திருக்கிறேன் என்று சொன்னேன்.

"மூடியாச்சுன்னு யார் சொன்னாங்க?" என்றார். "கூப்ட்றவங்க கூப்ட்டுகினுதான் இருக்காங்க. நான்தான் பேசறேன். எங்க பாவா தெனம் சாப்புடும்போது சொன்னதுதான, எனக்குத் தெரியாதா? பேர மட்டும் மாத்திக்கோங்க."

படிவத்தில் 'நடத்துபவர் மாறியுள்ளார்' என்று ஒரு கட்டம் உண்டு. கடைகள் கைமாறும்போது குறிப்பதற்காக முனிரத்தினம் சேர்க்கச் சொன்ன கட்டம். அதில் குறியிட்டேன். பார்த்தவர் என்ற இடத்தில் என் பெயரையும், பார்த்த நேரம் என்ற இடத்தில் மாலை நாலேகால் என்பதையும் எழுதினேன். கை தடையில்லாமல் எழுதியது.

அவருடைய டார்ச்சை எனக்குத் தருவதாக சுகுணா அம்மா சொன்னார். வேண்டாம், இனி உங்களுக்குத்தான் அது தேவைப்படும் என்று சொல்லிவிட்டேன். நான் வைத்துக்கொண்டது வேறு. எதையாவது நிரப்ப வேண்டும் என்று கை பரபரக்கும்போது ஒரு கணம் நிறுத்தி, காலியாக விட்டுவிடுகிறேன். யாரைப் பற்றியாவது யாராவது உறுதியாகச் சொன்னால், எந்த வேளையில் போய்ப் பார்த்தார்கள் என்று மனதுக்குள் கேட்டுக்கொள்கிறேன். என் போனில் அவர் எண்ணுக்கு எதிரே இருக்கும் பெயரை மட்டும் இன்னும் மாற்றவில்லை. பட்டியலுக்குத்தான் அந்தச் சட்டம், என் போனுக்கு இல்லை.

நேற்றுக்கூட அந்த எண் அடித்தது. திரையில் 'முனிரத்தினம் சார்' என்று வந்தது. எடுத்து, அரக்கோணம் ரோட்டு டயர் கடை விஷயமா என்றேன், அதைச் சேர்த்துவிடலாம், நல்ல கடை என்று கேள்விப்பட்டேன் என்று சொன்னேன்.

"அது இருக்கட்டும் டீச்சர்" என்றார் சுகுணா அம்மா. "கதவ பாத்தாச்சா?"